விட்டுப்போன பெயர்

வெள்ளிமுடி எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில், வேலைக்கான சங்கு ஊதுவதற்கு முன்பே வாரியல் சத்தம் ஒன்று கேட்கும். சேவல் கூவியதை நம்பாதவர்கள்கூட அந்தச் சத்தத்தை நம்பி அடுப்பு மூட்டினார்கள். தகரக் கூரை போட்ட சிறிய ஜெபவீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் ஆபரணம்மாள். பெருக்கி முடித்து, மழைக்கு ஒதுங்கிச் சுவரேறியிருந்த அட்டைகளை உப்புத் தொட்ட குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே போட்டுவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கின் திரியைச் சிறிதாக்கி, அவர் முழங்காலில் நிற்பார்.

அவர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூலிப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. பிறர் வாசிக்கக் கேட்ட வசனங்களையே நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தார். அழகான வார்த்தைகளை அடுக்கி ஜெபிக்க அவருக்கு வராது. அதனால் ஆண்டவரிடம் பெயர்களைச் சொன்னார். கீழ் டிவிஷனில் நான்கு லயங்கள். ஒவ்வொரு லயத்திலும் ஒரே கூரையின்கீழ் சுவரோடு சுவர் ஒட்டிய பத்துப் பன்னிரண்டு வீடுகள். முதல் லயத்தின் முதல் வீட்டில் தொடங்கி, நான்காம் லயத்தின் கடைசி வீட்டில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வரைக்கும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்வார். ஒரு பெயரைச் சொன்னதும் ஒரு மூச்சு நேரம் நிற்பார். அந்த ஒரு மூச்சுக்குள் அந்த ஆளின் முழங்கால் வலியும் மனக்கசப்பும் வீட்டுச் சண்டையும் ஆண்டவரின் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவருடைய விசுவாசம்.

ஜெபவீட்டுக்கு வருகிறவர், வராதவர் என்ற பேதம் அந்தப் பெயர்களில் இல்லை. வேலைக்காட்டில் அவரை விரட்டும் சூப்பர்வைசர் உண்டு. மாரியம்மன் கோயில் பூசாரி உண்டு. பூசாரி ஒருநாள் பாதையில் அவரை மறித்துக்கொண்டார்.

"ஏம்மா, எம் பேரையும் ஒங்க சாமிகிட்ட சொல்றியாமே?"

"ஆமாண்ணே. தப்பா?"

"தப்பில்ல. எடது காது கேக்கலன்னும் சேத்துச் சொல்லு. எங்க ஆத்தாகிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமாப் போச்சு."

ஆபரணம்மாள் சிரிக்காமல் தலையாட்டினார். மறுநாள் முதல் பூசாரியின் பெயருக்குப் பிறகு இரண்டு மூச்சு நேரம் நின்றார்.

இந்த ஊழியம் அவருக்கு ஒரு சாவிலிருந்து வந்தது. அவருக்கு ஜெயமலர் என்று ஒரே மகள். ஆறு வயதில், ஆடி மழையில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து லாரி வரவில்லை. கணவர் இஸ்ரவேல், சரிந்த மண்ணை வெட்ட மேல் டிவிஷனுக்குப் போயிருந்தார். லயத்தில் எல்லார் வீட்டிலும் காய்ச்சல். எல்லார் கதவும் மழைக்கு அடைத்துக் கிடந்தது. ஒரு பகல் முழுதும் ஆபரணம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் மடியில் பாரம் மட்டும் இருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாவது ஞாயிறு, பூட்டிக் கிடந்த ஜெபவீட்டின் சாவியைக் கேட்டு வாங்கினார். உள்ளே போய்த் தூசியில் முழங்காலிட்டார். "ஆண்டவரே, இந்தக் கீழ் டிவிஷன்ல இனி ஒருத்தியும் காய்ச்சக்காரப் பிள்ளய வச்சிக்கிட்டுத் தனியா இருக்கப்படாது. நான் போறேன். ஆரு கூப்பிட்டாலும் போறேன்" என்றார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

பதினோரு வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். பிரசவ வீட்டில் வெந்நீர் வைக்க ஆபரணம்மாள் இருந்தார். வாதக்காரக் கிழவரைத் திருப்பிப் படுக்க வைக்க இருந்தார். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன் வீட்டு வாசலில் பேசாமல் போய் உட்கார்ந்துகொள்வார். அவன் கை தானாக இறங்கும். செத்தவரைக் குளிப்பாட்டுவார். பகல் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு, கூடையை இறக்கின கையோடு இத்தனையும் செய்தார். கூப்பிடாமல் விட்ட நாளில்கூட, "ஆருக்கும் ஒண்ணுமில்லியே?" என்று லயங்களை ஒருமுறை சுற்றி வந்த பிறகே கஞ்சி குடிப்பார். பல நாள் அதற்குள் பசி போய்விடும். வெள்ளிக்கிழமை உபவாசம் என்பது புதனும் வெள்ளியுமாயிற்று.

நகரத்திலிருந்து மாதத்தில் நான்காம் ஞாயிறு மட்டும் ஒரு போதகர் வருவார். ஒன்பது எஸ்டேட்டுகளுக்கு அவர் ஒருவர்தான். அவர் பிரசங்கத்தில் ஆபரணம்மாளைச் சுட்டிக்காட்டி, "ஓய்வறியாத ஊழியக்காரி" என்று சொன்னார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை, இன்னொரு கூடையாக ஆபரணம்மாளின் முதுகில் ஏறிக்கொண்டது. அதன் பிறகு களைப்பாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பரிகாசத்துக்கும் குறைவில்லை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த பூரணம் வாய்த்துடுக்கானவள். கொழுந்து பறிக்கும்போது வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள்:

"வழி விடுங்கடி, சாமிக்குக் கங்காணி வாராங்க. நம்ம செஞ்சது செய்யாததெல்லாம் மேல போய்ச் சொல்லிருவாங்க."

"சொல்லட்டுமே. நீ என்ன செஞ்ச?" என்பாள் லேயாள். மூன்று பிரசவத்திலும் ஆபரணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பெற்றவள் அவள்.

"நான் செஞ்சது கெடக்கட்டும். பெத்த புள்ளயக் காப்பாத்தாத சாமிக்கு இந்தக்கா எதுக்கு இம்புட்டுப் பாடுபடுதுன்னு எனக்கு வெளங்கல."

வரிசையில் மற்றவர்களின் கைகள் நின்றன. ஆபரணம்மாளின் விரல்கள் நிற்கவில்லை. இரண்டு இலை, ஒரு கொழுந்து. "எனக்கும் வெளங்கல பூரணம்" என்றார். "வெளங்கட்டும்னு காத்திருந்தா இடையில ஆருக்காவது காய்ச்ச வந்துருமில்லா." மறுநாள் காலையிலும் பூரணத்தின் பெயரைச் சொன்னார், அவள் மகள் கனகாவின் பெயரையும் சொன்னார்.

பேச்சும் ஏச்சும் அவரை அசைக்கவில்லை. அவரை அசைத்தது வேறொன்று.

சங்கு ஊதியதும் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடி நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். உடம்பு முடியாமல் படுத்தவருக்கு அவர் வீட்டு ஆள் "வீட்ல இருக்கா" என்று பதில் சொல்வார். குளிரில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் கணக்கப்பிள்ளை அந்தப் பெயர்களை வாசித்துத் தள்ளுவார்.

பதினோராம் வருஷத்து ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை. ஆபரணம்மாள் ஜெபவீட்டில் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி லயம் கடந்த பிறகுதான் தம் குரலைத் தாமே கேட்டார். அது கணக்கப்பிள்ளையின் குரலாக இருந்தது. மூச்சு நேரம் நிற்கவில்லை. ஒரு முகமும் மனதில் வரவில்லை. திடுக்கிட்டு முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே குரல்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள், கூடையை இறக்கும் வேளையில் ஒருவர் வந்து, "அம்மாவுக்கு முடியல, வாங்கக்கா" என்று அழைத்தபோது, "இந்தக் கிழவி இன்னுமா சாகலை" என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. எழுந்ததைக் கண்டு அவர் நடுங்கிப்போனார். போனார், கால் பிடித்துவிட்டார், கஞ்சி ஊட்டினார், ஆனால் கை செய்ததை அவர் மனம் எங்கோ தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்டவர் தம்மை விட்டுப் போய்விட்டார் என்று நினைத்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. தாம் தளர்ந்துவிட்டால் லயத்துக்கு யார் என்ற பயம். ஊழியக்காரி என்று பேர் எடுத்தவளுக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஆண்டவருக்கு அவமானம் என்ற பயம். ஆகவே குற்றவாளி தண்டனை கட்டுவதைப் போல, நாற்பது நாள் ஒருவேளைச் சாப்பாடு என்று பொருத்தனை செய்துகொண்டு, முன்னிலும் அதிகமாக ஓடினார். வற்றிய இடத்தில் இன்னும் இறைத்துப் பார்த்தார்.

இஸ்ரவேல் அதைக் கவனித்திருந்தார். அவர் கவ்வாத்துக்காரர். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதற்குக் கவ்வாத்து என்று பேர். அவர் அதிகம் பேச மாட்டார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். ஜெபவீட்டுக்குக் கிறிஸ்மசுக்கும் பெரிய வெள்ளிக்கும் வருவார். "சாப்ட்டுட்டுப் போயேன்" என்று மனைவியிடம் தினமும் சொல்வார். "இந்தா வந்திருதேன்" என்று அவர் தினமும் போவார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்த பிற்பகல். மழை பிடித்துக்கொண்டது. பொருத்தனையின் முப்பத்தொன்றாம் நாள். இரண்டு வீடு ஏறி இறங்கி நனைந்த சேலையோடு ஆபரணம்மாள் தம் வாசலுக்கு வந்தபோது பூரணம் ஓடி வந்தாள். கேலி பேசுகிற முகமாக அது இல்லை.

"அக்கா! புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதுக்கா. கண்ணு சொருகுது. அவரும் வீட்ல இல்ல. ஒரு எட்டு வாங்கக்கா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

ஆபரணம்மாள் அவள் பின்னால் நடந்தார். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தார். ஆறு வயதுக் கனகா பாயில் கிடந்தாள். பின்னல் அவிழ்ந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. வெளியே அதே மழை. படியில் வைத்த கால் மேலே எழவில்லை. வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை. பெயர்கூட வரவில்லை. "இந்தா வந்திருதேன்" என்று சொன்னார், திரும்பி நடந்தார், தம் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். ஈரச் சேலையோடு தரையில் படுத்துக் காதுகளைக் கையால் பொத்திக்கொண்டார். பூரணம் கதவைத் தட்டினாள். "அக்கா! அக்கா!" என்ற குரல் கைக்குள்ளும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் இஸ்ரவேல் வந்து கதவைத் தட்டினார்.

"ஆபரணம். நாந்தான். தொற."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. ஆபரணம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பூரணம் பிள்ள செத்துப்போச்சா?"

"செத்துப்போவவா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு பன்னு வேணும்னு அழுவுதாம். நெஞ்சுச் சளி. ஊசி போட்டிருக்காவ. நேரத்துக்குக் கொண்டாந்தீங்கன்னு டாக்டரே சொன்னாராம்."

"ஆரு கொண்டு போனா?"

"ஆரு போகல? லேயாள் வெந்நீரும் துணியுமா ஓடுனா. பூசாரி தன் கம்பளியக் குடுத்தாரு. நாலு பேரு, கொழுந்து பறிக்கையில இடுப்புல கட்டுத படங்குச் சாக்குல தொட்டில் கட்டி, மாத்தி மாத்தித் தூக்கிட்டு ஓடிருக்காவ. கூடவே குடை பிடிச்சிக்கிட்டு ரெண்டு பேரு. வீட்டுல மிச்சப் பிள்ளைகளப் பாக்க ஒருத்தி. ஆபரணக்கா இருந்தா இப்பிடித்தான் செய்வாவன்னு சொல்லிச் சொல்லிச் செஞ்சாவளாம்."

ஆபரணம்மாள் தரையில் அமர்ந்தார். பதினோரு வருஷமாகத் தாம் தூக்கிச் சுமப்பதாக நினைத்த கீழ் டிவிஷன், தாம் கதவடைத்துக் கிடந்த நேரத்தில் தானாக நடந்திருக்கிறது. முதலில் அது வலித்தது. அப்புறம், நெடுநாள் கழித்து, அவருக்கு அழுகை வந்தது. அழுகையோடு எல்லாம் வந்தது.

"எனக்குள்ள ஒண்ணுமில்லங்க. பெரட்டுல கூப்பிடுத மாதிரிப் பேரு சொல்லுதேன். ஒருத்தர் மேலயும் பிரியம் வரல. இன்னக்கி அந்தப் பிள்ளயப் பாத்தும் ஓடி வந்துட்டேன். ஆண்டவரு என்னய விட்டுட்டாரு."

இஸ்ரவேல் அடுப்பை மூட்டினார். கஞ்சி வைத்தார். துவையலைத் தொட்டு ஒரு வாய் அவரே ஊட்டினார். "பொருத்தன இன்னும் ஒம்பது நாளு இருக்கு" என்று ஆபரணம்மாள் முகத்தைத் திருப்பினார்.

"ஏசு சாமி படகுல போனாருல்லா, புயல்ல" என்றார் இஸ்ரவேல். "தண்ணி உள்ள வருது, எல்லாரும் கத்துதாவ. அவரு தலகாணியப் போட்டுத் தூங்குனாராம். வருசத்துக்கு ரெண்டு நாள் வாரவன் நான். எனக்கு ஞாபகம் இருக்கிறது அது ஒண்ணுதான். ஒனக்கு அது மட்டும் மறந்துபோச்சா?"

ஆபரணம்மாள் வாயைத் திறந்தார். கஞ்சி சூடாக இருந்தது.

மறுநாள் விடியும் முன் வழக்கம்போல் எழுந்து வாரியலை எடுத்தபோது, இஸ்ரவேல் வாசலில் நின்றிருந்தார். கையில் இலையெல்லாம் கழித்த ஒரு தேயிலைக் கொம்பு.

"ஏழாம் நம்பர் காட்டுல கவ்வாத்து முடிச்சிட்டோம்" என்றார். "இப்ப நீ கூடயத் தூக்கிட்டு அங்க பறிக்கப் போவியா?"

"அங்க என்ன கெடக்கு பறிக்க? மொட்டக் குச்சியால்லா நிக்கி."

"துளிர் விட்ட ஒடனே போனா?"

"வேரு செத்துப்போவும்." சொல்லிவிட்டு ஆபரணம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

கவ்வாத்து முடிந்த காட்டின் வழியில் வெட்டிய கொம்பு ஒன்றைக் குறுக்கே கட்டிவைப்பது அந்த எஸ்டேட்டின் வழக்கம். அதைத் தாண்டி யாரும் கூடையோடு போகக் கூடாது. மேனேஜரே சொன்னாலும் போக மாட்டார்கள். இஸ்ரவேல் அந்தக் கொம்பைத் தம் வீட்டு வாசலில் குறுக்கே கட்டினார். பிறகு மனைவியின் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டினார். அன்று பகல் அவரை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்; இரத்தம் மிகக் குறைவு என்று சொல்லி மூன்று வாரம் ஓய்வுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பூரணம் கொம்பைப் பார்த்து நின்றாள்.

"இதென்னண்ணே? வீட்டுக்குக் கவ்வாத்தா?"

"ஆமா. மூணு வாரம் ஆரும் கூடயோட வரப்படாது."

"கூட இல்லாம வரலாமா?"

"கஞ்சியோட வரலாம்."

பூரணம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கொம்புக்கு அடியில் குனிந்து நுழைந்து, படுத்திருந்த ஆபரணம்மாளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"பூரணம், நான் அன்னைக்கு..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. கங்காணிக்கு மட்டும் லீவு கெடையாதா? நீங்க வாசல் வரைக்கும் வந்தீங்கல்ல. ஒங்க மூஞ்சியப் பாத்தேன்கா. புள்ளைக்கு முன்னாடி நீங்க விழுந்துருவீங்க போல இருந்துச்சு. பதினோரு வருசமா ஒங்களப் பேச மட்டும் செஞ்சேனே, பாத்தேனான்னு அப்பத்தான் நெனச்சேன்."

ஆபரணம்மாளின் மனம் ஜெபவீட்டிலேயே இருந்தது. "காலைல பேரு சொல்ல ஆளில்லியே" என்றார்.

"ஏன், நான் சொல்றேன்."

"ஒனக்கு சாமி வேறல்லா."

"ஜெபம் லேயாள் பண்ணட்டும். பேரு வாசிக்கத்தானே? நான் அஞ்சாப்பு படிச்சிருக்கேன். எஞ் சத்தத்துக்கு ஒங்க சாமி மட்டுமில்ல, மேல் டிவிஷன்ல இருக்கிற சாமியெல்லாம் எந்திரிச்சிரும்."

ஆனால் பெயர்கள் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவை ஆபரணம்மாளின் நெஞ்சில் மட்டும் இருந்தன. அன்று மாலை இஸ்ரவேல் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத, ஆபரணம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முதல் லயம், முதல் வீடு. கணவன், மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார். சூப்பர்வைசர். பூசாரி, இடது காது. இரண்டாம் லயம் மூன்றாம் வீடு அவர்களுடையது. "இஸ்ரவேல்" என்றார், ஒரு மூச்சு நின்றார், அடுத்த வீட்டுக்குப் போனார். கடைசித் தொட்டில் வரை சொல்லி முடித்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் இஸ்ரவேல்.

"அவ்வளவுதான். ஒருத்தரும் விட்டுப்போகல."

இஸ்ரவேல் தாள்களை முதலிலிருந்து பார்த்தார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் அதற்குள் தூங்கியிருந்தார்.

அந்த நாட்களில் ஆபரணம்மாள் தூங்கினார். சங்கு ஊதுவது தெரியாமல் தூங்கினார். லேயாள் குழம்பு கொண்டுவந்தாள். பூசாரி தேன் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டு, "இது மருந்து, கூட இல்ல" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். முதல் வாரம் ஒவ்வொரு கவளமும் திருடித் தின்பதுபோல் இருந்தது. யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது வாசலிலேயே கிடந்தது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் கருப்புக்கட்டித் தேநீரைக் குடித்தபோது அது இனித்தது. தேநீர் தினமும் இனித்துக்கொண்டுதானே இருந்திருக்கும் என்று நினைத்தார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாயில் வந்தது. யாருக்காகவும் கேட்காத, எதையும் சுமக்காத ஒரு சின்ன நன்றி. அது எங்கிருந்து வந்தது என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை அவருக்கு விழிப்பு வந்தது. மழை ஓய்ந்து, பனி லயத்தின் மேல் இறங்கியிருந்தது. காற்று ஜெபவீட்டுப் பக்கமிருந்து வந்தது. சந்தையில் கூவுவதுபோல் பூரணத்தின் குரல் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நின்று வாசித்தாள். யாரோ அதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆபரணம்மாள் படுத்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகங்கள் வந்தன. பூசாரியின் காது வந்தது. முதல் லயம் முடிந்து இரண்டாம் லயம் வந்தது.

"இஸ்ரவேல்."

ஒரு மூச்சு.

"ஆபரணம்."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷம், நாள் தவறாமல் அத்தனை பெயர்களையும் ஆண்டவரிடம் சொன்னவர், இந்த ஒரு பெயரைச் சொன்னதே இல்லை. அது விட்டுப்போனது என்றுகூட அவருக்குத் தெரியாது. பெயர் காற்றில் நின்றது. பூரணம் அந்த இடத்தில் வெகுநேரம் நிறுத்தினாள். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் ஆபரணம்மாளுக்குக் கேட்டது பூரணத்தின் குரல் அல்ல. அழைத்தவர் யார் என்பதில் அவருக்கு அன்றும் பின்னும் ஐயமே இருந்ததில்லை. வேலைக்கு அனுப்புவதற்காக அழைத்த குரலாக அது இல்லை. இருக்கிறாயா என்று மட்டும் கேட்டது.

"இருக்கேன் ஆண்டவரே" என்றார் ஆபரணம்மாள். "இருக்கேன்."

அடுப்படியில் குந்தியிருந்த இஸ்ரவேல் திரும்பவில்லை.

"ஆரு சேத்தது?" என்று ஆபரணம்மாள் கேட்டார்.

"ஆரும் சேக்கல. விட்டுப்போனத எழுதுனேன்" என்றார் அவர்.

ஓய்வு முடிந்து ஆபரணம்மாள் மறுபடி கொழுந்து பறிக்கப் போனார். நோயாளி வீடுகளுக்கும் போனார். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஜெபவீட்டுச் சாவி ஆணியிலேயே தொங்கியது. முறை வைத்து ஆளுக்கொரு வாரம் பெருக்கினார்கள். அவர் முறை இல்லாத வாரத்தில் சங்கு ஊதும்வரை தூங்கினார். கால் வலிக்கிறது என்று சொல்லப் பழகினார். முதலில் சொன்ன நாளன்று நாலு பேர் ஓடி வந்து கால் பிடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். "ஒரு கால ஒருத்தி பிடிங்கட்டி, பிச்சிராதீங்க" என்று அவர் சிரித்ததை லயமே கேட்டது. ஆண்டுக்கொருமுறை ஆவணியில் அந்த வாசலில் கொம்பு ஏறும். "ஆபரணக்காவுக்குக் கவ்வாத்து" என்று எல்லாரும் விலகி நடப்பார்கள். பிற்பாடு, பிள்ளை பெற்ற வீட்டிலும், துக்கம் நடந்த வீட்டிலும், நோயாளியை நெடுநாள் பார்த்துக் களைத்தவள் வீட்டிலும் இஸ்ரவேல் கொம்பு கட்டிக் கொடுத்தார்.

நான்காம் ஞாயிற்றுக்கு வந்த போதகர் ஒருமுறை கொம்பைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். இஸ்ரவேல் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, குடையை மடக்கினார். ஒன்பது எஸ்டேட்டுகளின் களைப்பும் அவர் முகத்தில் இருந்தது.

"அண்ணே" என்றார் தாழ்ந்த குரலில், "எங்க வீட்டுக்கு ஒண்ணு கெடைக்குமா?"

இஸ்ரவேல் நல்லதாகப் பார்த்து ஒரு கொம்பை வெட்டிக் கொடுத்தார். போதகர் அதைப் பைபிளோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆபரணம்மாள் அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் ஊழியம் செய்தார். அந்த வருஷங்களில் அவர் முகம் வறண்டு ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, வயிறாரச் சாப்பிட்டு, "கொஞ்சம் சாயுதேன்" என்று சொல்லிப் படுத்தவர் எழவில்லை.

தேயிலைக் காட்டுக்கு மேலே உள்ள கல்லறையில் அடக்கம். கீழ் டிவிஷனே ஏறி வந்திருந்தது. தலை நரைத்த பூரணம் பெயர்களை வாசித்தாள். தாயாகிவிட்ட கனகா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் லயம் வந்தது. "இஸ்ரவேல்" என்று வாசித்தாள். "ஆபரணம்" என்று வாசித்தாள். அவள் விரல் அந்தப் பெயரிலேயே நின்றது. அப்போது, கூட்டத்தில் எங்கும் வாய் திறவாத இஸ்ரவேல், பெரட்டுக் களத்தில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார்:

"வீட்ல இருக்கா."

பூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரை வாசித்தாள்.

எல்லார் பெயரையும் சொல்லித் தம் பெயரை மறந்தவர் அவர். அந்தப் பெயரை மறவாமல் அழைத்த ஆண்டவருக்கு நன்றி. அழைத்த குரலுக்குக் களைப்பாறி எழுந்து பதில் சொன்ன அந்த எளிய அடியாரின் நினைவு, கவ்வாத்துக் காட்டில் மறுபடி துளிர்க்கும் கொழுந்தைப் போல இன்றும் பசுமையாகவே இருக்கிறது.